தூரிகை பிடித்த கணிப்பொறி

புளியந்தோப்பை அடுத்திருந்த பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. பிறகு அந்த வளாகத்தில் எத்தனையோ சினிமாக் காட்சிகள் எடுக்கப்பட்டன. அங்கே செங்கற்சுவரோரம் கதாநாயகன் ஓடும் ஒரு நிமிடக் காட்சியை எண்ணெய் வண்ண ஓவியமாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 24 படம் வீதம் 1,440 ஓவியங்கள் தேவை!

சென்னையின் பழைய பேனர் ஓவியர்கள் புகைப்படத்தின்மேல் கட்டம் கிழித்து, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக வரைந்தார்கள். கணிப்பொறியும் ஏறக்குறைய இவ்வாறே தொடங்கியது. 1990-இல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் பால் ஹேபர்லி ஒரு முறையை வெளியிட்டார். மவுஸை நகர்த்தினால், புகைப்படத்தில் அவ்விடத்து நிறத்தை எடுத்துக் கணிப்பொறி ஒரு தீற்றல் இடும். கை மனிதனுடையது, நிறம் மட்டும் இரவல்.

ஒற்றைப் படத்துக்கு இது போதும். சலனப் படத்துக்குப் போதாது. ஏன்? படத்துக்குப் படம் தீற்றல்களைப் புதிதாக இட்டால், திரை சோறு கொதிக்கும் பானைபோலத் துடிக்கும். தீற்றல்களை அசையாமல் நிறுத்தி நிறத்தை மட்டும் மாற்றினாலோ, கதாநாயகன் சொரசொரப்பான கண்ணாடிக்குப் பின்னால் ஓடுவதுபோல் தோன்றும்.

1996-இல் டிஸ்னியின் பார்பரா மையர், தீற்றல்களைப் பொருளின் மேற்பரப்பிலேயே ஒட்டினார். பொருள் நகர்ந்தால் தீற்றலும் நகரும். ஆனால் அதற்குப் பொருளின் முப்பரிமாண வடிவம் கணிப்பொறிக்குள் இருக்க வேண்டும். காமிராவில் பிடித்த காட்சிக்கு அது ஏது?

உண்மையான திருப்பம் 1997-இல் வந்தது என்பேன். ஆப்பிள் நிறுவனத்தின் பீட்டர் லிட்வினோவிட்ஸ், அடுத்தடுத்த இரு படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியும் எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடச் செய்தார். தீற்றலும் அதே அளவு நகர்த்தப்பட்டது. நெரிசல் ஏற்பட்டால் சில நீக்கப்பட்டன. இடைவெளி விழுந்தால் புதியவை சேர்க்கப்பட்டன. விளிம்பை எட்டியதும் தீற்றல் நின்றுவிடும். ஆகவே முகத்தின் நிறம் சுவரில் வழியாது. இவ்வகைக் கணக்கு பயன்பட்ட 'வாட் டிரீம்ஸ் மே கம்' (1998) சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிசு பெற்றது.

2015-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர்கள், வான்கோவின் ஒரே ஓவியத்திலிருந்து அதன் பாணியைப் பிரித்தெடுத்துப் புகைப்படத்துக்கு ஏற்றும் முறையை நரம்பு வலையமைப்பின் துணையோடு உருவாக்கினர். மறு ஆண்டு அதைச் சலனப் படத்துக்குக் கொண்டுசென்றபோது பழைய துடிப்பு திரும்பவும் தலைகாட்டியது. மருந்தும் பழையதே: இயக்கக் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவுக்குப் பிறகும் 2017-இல் வெளியான 'லவிங் வின்சென்ட்' படத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஓவியர்கள் ஏறத்தாழ 65,000 படங்களைக் கையாலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார்கள். நடிகர்களை முதலில் காமிராவில் பிடித்து, அதைப் பார்த்தே வரைந்தார்கள்.