ஆனையிறவிலிருந்து பேராதனை வரை: விலங்குகளோடு வேலை செய்தவர்களின் கதை

பயோ எடுத்த பிள்ளையிட்ட 'என்னவா வரப்போறாய்?' எண்டு கேட்டால், எங்கட வீடுகளில ஒரே ஒரு மறுமொழியைத்தான் எதிர்பார்ப்பினம்: டொக்டர். இசெட் ஸ்கோர் கொஞ்சம் இறங்கினால்தான் 'மாட்டு டொக்டர்' எண்ட சொல் வெளியில வரும். அதுவும் ஒரு சிரிப்போட. அந்தச் சிரிப்பு எங்கயிருந்து வந்தது எண்டு நாங்கள் தேடிப் பார்க்க வேணும். ஏனெண்டால் இந்த மண்ணில விலங்குகளை அறிந்த மனிதருக்கு ஒரு காலத்தில நல்ல மதிப்பு இருந்தது.

ஆனையிறவு எண்ட பெயரை எடுங்கோ. எங்கட தலைமுறைக்கு அது யுத்தத்தின் பெயர். அதற்கு முன்னம் அது ஒரு வியாபாரப் பாதையின் பெயர். வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் அந்தக் கடல்நீரேரியைக் கடந்துதான் குடாநாட்டுக்குள் வந்தன. போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் அந்த வியாபாரத்தை நடத்தினார்கள். வன்னியர்கள் திறையாக யானைகளைக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் விற்பனை நடக்கும். வங்காளத்திலிருந்தும் கோல்கொண்டாவிலிருந்தும் வணிகர்கள் வந்து வாங்குவார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறும்.

இந்த வியாபாரத்தில் கொம்பனியின் கணக்குப் புத்தகம் ஒரு பக்கம். யானையைப் பிடிச்சவன், பழக்கினவன், காயத்துக்கு மருந்து கட்டினவன், கப்பலில சாகாமல் கொண்டு போனவன் இன்னொரு பக்கம். கிழக்கின் முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த பணிக்கர்கள் இதில் பேர்போனவர்கள். தோலால் திரித்த கயிற்றோடு காட்டுக்குள் நடந்துபோய், காட்டு யானையின் பின்னங்காலில் சுருக்கு மாட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் இவர்களைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்குது, யானை எப்ப அசையும், எப்ப அசையாது எண்டு தெரியாமல் அந்தத் தொழிலைச் செய்யேலாது. இண்டைக்கு நாங்கள் அதை விலங்கு நடத்தையியல் எண்டு பல்கலைக்கழகத்தில் படிக்கிறம்.

நெடுந்தீவிலும் இதே கதைதான். ஒல்லாந்தர் அங்க குதிரை வளர்த்தார்கள். லாயங்களின் இடிபாடுகளை இப்பவும் பார்க்கலாம். கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் அந்தக் காலத்தின் வாரிசுகள். ஊருக்குள்ள மாட்டுக்கு வருத்தம் வந்தால் பார்க்கப் பரிகாரியார் இருந்தார். தமிழில் மாட்டு வாகடம் எண்டு ஒரு நூல் வகையே இருந்தது. அறிவு இருந்தது, அதைக் கற்கும் வழியும் இருந்தது. ஆனால் அந்த வழி குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் அடைபட்டு இருந்தது. வெளியாள் ஒருவர், அதுவும் ஒரு பெண்பிள்ளை, ஆசைப்பட்டு உள்ள போக இடமிருக்கேல்லை. பழையதைப் போற்றும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும்.

விலங்கு மருத்துவத்தைப் பள்ளிக்கூடப் படிப்பாக்கியது ஒரு கொள்ளைநோய். ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய் ஐரோப்பாவைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. அந்த அழிவின் பின்னணியில்தான் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஜெலா உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியை 1762 இல் திறந்தார். இலங்கையிலும் ஆங்கிலேயர் காலத்தில் மாட்டு நோய் எண்டால் அரசாங்கத்துக்குப் பயம்தான். ரயில் வரும்வரை மலைநாட்டுக் கோப்பி வண்டில் மாட்டிலதான் கொழும்புக்கு இறங்கியது. மாடு விழுந்தால் கோப்பியும் விழும். அதனால் கால்நடை வைத்தியர் ஒரு அரச உத்தியோகத்தரானார். அந்தப் பதவிக்கான படிப்பு மட்டும் இங்க இருக்கேல்லை. இந்தியாவுக்கோ பிரித்தானியாவுக்கோ போக வேணும். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இலேயே தொடங்கிவிட்டது.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் படிப்பு 1947 இல் கொழும்பில் ஆரம்பித்தது. பிறகு பேராதனைக்குப் போனது. 1980 இல் தனிப் பீடமானது. பல தசாப்தங்களாக நாட்டுக்கே அந்த ஒரு பீடம்தான். ஒரே வாசல், கொஞ்ச இடம், இசெட் ஸ்கோர் எண்ட ஒரே திறப்பு. மருத்துவப் பீடத்துக்கான அதே வரிசையில் நிண்டு கொஞ்சம் பின்தங்கின பிள்ளைக்கு வாற இடம் எண்டு இதைப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது. 'மாட்டு டொக்டர்' சிரிப்பின் வேர் இதிலதான் இருக்கு எண்டு நாங்கள் நினைக்கிறம். தொழிலின் தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, அது அனுமதிப் பட்டியல் உண்டாக்கின சிரிப்பு.

அந்தத் தொழில் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டதை எங்கட வடக்கும் கிழக்கும் நேரில கண்டிருக்கு. இலங்கையில் 40 வருஷத்துக்கு மேலாக ரிண்டர்பெஸ்ட் இருக்கேல்லை. 1987 இல் இந்திய அமைதிப்படை வந்தது. படையினரின் சாப்பாட்டுக்காக இந்தியாவிலிருந்து ஆடுகள் கொண்டுவரப்பட்டன. அந்த ஆடுகளோடு நோயும் வந்து இறங்கியது. யுத்தம் நடக்கும் மண்ணில் மாடும் எருமையும் செத்தன. பட்டிக்குப் பட்டி தடுப்பூசி போட வேணும். ஆனால் பாதை பூட்டு, சோதனைச் சாவடி, ஷெல். மனிதர் செத்த கணக்கே சரியா இல்லாத காலத்தில மாடுகளை ஆர் எண்ணினது? பட்டி போனால் பால் போச்சு, உழவு போச்சு, மகளின் சீதனம் போச்சு. நோய் இங்க ஓய 1994 ஆனது.

இதில வரலாறு ஒரு வினோதம் செய்தது. அமைதிப்படையைக் கொண்டுவந்த அதே இலங்கை இந்திய ஒப்பந்தம்தான் மாகாண சபைகளையும் கொண்டுவந்தது. 13ஆவது திருத்தத்தின்படி கால்நடை வளர்ப்பும் விலங்கு நோய்த் தடுப்பும் மாகாணங்களின் பொறுப்பு. நோயும் அதைத் தடுக்கும் அதிகாரமும் ஒரே ஒப்பந்தத்தின் பிள்ளைகள். அதிகாரப் பகிர்வு எண்டால் நாங்கள் காணியையும் பொலிசையும்தான் பேசுறம். விலங்கு நோய்த் தடுப்பும் அதே பட்டியலில் இருக்கு. அதைச் செய்ய ஆள்தான் வேணும்.

2011 இல் ரிண்டர்பெஸ்ட் உலகத்திலேயே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனித குலம் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இது. கென்யாவில் வேலை செய்த வோல்டர் பிளோரைட் என்ற கால்நடை வைத்தியர் உருவாக்கிய தடுப்பூசி அதற்கு அடித்தளம். வெற்றியைச் சாத்தியமாக்கியவர்கள் மாட்டுக்காரரோடு பேசத் தெரிந்த களப் பணியாளர்கள். விசர்நாய் நோயும் அப்படித்தான். 1973 இல் இலங்கையில் அந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். இப்ப வருஷத்துக்குச் சில பத்துப் பேர். மனிதரைக் காப்பாற்றினதில் பெரிய பங்கு நாய்களுக்குப் போட்ட ஊசிக்கு.

சரி, விலங்குகளோடு வேலை செய்ய ஆசைப்படுகிற ஒருவருக்கு இண்டைக்கு என்ன வழி? பேராதனைப் பட்டம் ஒரு வழி. அது முடிச்சால் அரச கால்நடை வைத்திய அலுவலகம், தனியார் சிகிச்சை நிலையம், வனஜீவராசிகள் திணைக்களம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, ஆய்வுகூடம் எண்டு பல இடம் இருக்கு. அது கிடைக்காட்டி கதவு பூட்டுப்படேல்லை. கிளிநொச்சியில் இருக்கும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம். ஊவா வெல்லஸ்ஸவிலும் அதற்குப் பட்டம் இருக்கு. விலங்கியல் படிச்சுக் காட்டுயிர் ஆய்வுக்குப் போகலாம். குண்டசாலையில் கால்நடை வளர்ப்பு டிப்ளோமா முடிச்சவர்கள்தான் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பட்டிகளுக்குப் போறவர்கள். கொள்ளைநோய்க் காலத்தில் முதல் கண் அவர்களுடையது.

வேலைக்கும் குறைவில்லை. ஒவ்வொரு வருஷமும் யானை மனித மோதலில் நூற்றுக்கணக்கான யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் சாகினம். வன்னியிலும் மட்டக்களப்பிலும் அந்தச் சனத்தோடு அவர்களின் பாஷையில் பேசி, யானையின் பக்கத்தையும் விளங்கப்படுத்த ஒருவர் வேணும். மயிலத்தமடுவில் மேய்ச்சல் தரைக்காகப் போராடுகிற பண்ணையாளருக்கு, மேய்ச்சலின் அறிவியலைக் கோப்பாக எழுதிக் கொடுக்க ஒருவர் வேணும். இதுக்கெல்லாம் தமிழும் விலங்கும் இரண்டும் தெரிஞ்ச ஆள் தேவை.

பணிக்கருக்கு அந்தக் கலையைத் தகப்பன் சொல்லிக் கொடுத்தார். உங்களுக்கு அப்படி ஒரு தகப்பன் தேவையில்லை. சாதியும் ஆண் பெண் எண்டதும் முந்தி அடைச்ச வாசல் இப்ப திறந்திருக்கு. ஏ.எல். பெறுபேறு வந்து விண்ணப்பப் படிவம் நிரப்பேக்க, அந்தப் பாடநெறியைக் கடைசி வரியில 'சும்மா கிடக்கட்டும்' எண்டு போடாதேங்கோ. உங்களுக்கு அது பிடிச்சிருந்தால் முதல் வரியில போடுங்கோ.