கடை பார்க்கக் கடல் கடந்தவர்கள்

வாங்குபவரே பொருளை எடுத்துக்கொள்ளும் கடை 1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிறந்தது. அதுவரை மளிகைக் கடை என்றால் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சீட்டை நீட்டுவதுதான். கடை ஆள் எடுத்து, நிறுத்து, கட்டித் தருவார். கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த ‘பிக்லி விக்லி’யில் சுழல் தடுப்பைத் தள்ளிக்கொண்டு நுழைய வேண்டும். கையில் கூடை. பாதை ஒன்றுதான், அது வளைந்து வளைந்து எல்லா அலமாரிகளையும் காட்டிவிட்டே கல்லாவில் கொண்டுவந்து விடும். கடையின் அமைப்பே விற்பனையாளரின் வேலையைச் செய்தது. மறு ஆண்டே சாண்டர்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பிய வணிகர்கள் இந்தப் புதிய முறையைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கினார்கள். இதைக் காகிதத்தில் படித்தறிவது கடினம். கூட்டம் எங்கே தேங்குகிறது, கை எந்த உயரத்துக்கு இயல்பாக நீள்கிறது என்பதெல்லாம் கடைக்குள் நடந்தால்தான் தெரியும். 1949இல் போய் வந்த ஆலன் செயின்ஸ்பரி, அடுத்த ஆண்டு லண்டனை ஒட்டிய குரொய்டனில் தம் குடும்ப நிறுவனத்தின் முதல் சுயசேவைக் கடையைத் திறந்தார். கடை ஆள் செய்ய வேண்டிய வேலையைத் தன்னைச் செய்யச் சொல்கிறார்களே என்று ஒரு வாடிக்கையாளர் கம்பிக் கூடையை அவர்மீதே வீசியதாகச் சொல்வார்கள். பார்த்து வந்தவருக்கு எளிதாகத் தோன்றிய ஒன்று, பாராதவருக்கு அவமதிப்பாகப் பட்டிருக்கிறது.

தனித்தனியாக நடந்துவந்த இந்தப் பயணங்களைப் பாடத்திட்டமாகவே ஆக்கியது ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம். கல்லா இயந்திரங்கள் செய்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் 1957 முதல் அங்கே வணிகர்களுக்கு வகுப்பு நடத்தியது. சுயசேவைக் கடைகள் பெருகினால் கல்லா இயந்திரங்களும் கூடுதலாக விற்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனால் கொலம்பியாவில் பிறந்த ஆசிரியர் பெர்னார்டோ துருஹியோ அதை விற்பனைப் பேச்சாக நடத்தவில்லை. வண்டி நிறுத்த இடமில்லாத கடைக்கு எதிர்காலமில்லை, சில பொருள்களை நட்டத்துக்கு விற்றாவது ஆளை உள்ளே வரவழைக்க வேண்டும் என்று அவர் அடித்துச் சொன்னார். உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து கேட்டார்கள்.

அவர்களில் கார்ஃபூர் நிறுவனத்தைத் தொடங்கிய மார்செல் ஃபூர்னியேவும் தெனி தெஃபொரேயும் இருந்தார்கள். 1963 ஜூனில் பாரிஸின் புறநகரான சேன்ட் ஜெனவியேவ் தே புவாவில் அவர்கள் திறந்த கடையின் பரப்பு 2,500 சதுர மீட்டர். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கார்களுக்கு இடம், கூடவே மலிவு விலைப் பெட்ரோல். மளிகையையும் துணிமணியையும் வீட்டுச் சாமான்களையும் ஒரே கூரையின் கீழ் அடக்கிய இந்த வடிவத்துக்குப் பின்னாளில் ‘ஹைப்பர் மார்க்கெட்’ என்று பெயர் வந்தது.

ஜப்பானியர் கற்றது வேறு. டோக்கியோவில் துணிக்கடை நடத்திய மசாதோஷி இத்தோ 1961இல் வெளிநாட்டுக் கடைகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்பி, இத்தோ-யோகாடோ பேரங்காடிகளை வளர்த்தார். அதே நிறுவனத்தின் தோஷிஃபுமி சுஸுகி, அமெரிக்கப் பயணத்தின்போது சாலையோரத்தில் ஒரு சிறு கடையைக் கண்டார். அது செவன்-இலெவன். பேரங்காடிகளின் காலத்தில் சிறு கடை பிழைக்காது என்று நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் 1973இல் செவன்-இலெவனை நடத்திய அமெரிக்காவின் சவுத்லேண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, 1974 மே மாதம் டோக்கியோவின் தொயோசுவில், மதுக்கடையாக இருந்த இடத்தில் முதல் கடை திறந்தது. முதலில் விற்றது ஒரு கறுப்புக் கண்ணாடி.

சுஸுகியின் உண்மையான புதுமை அதற்குப் பிறகுதான் வந்தது. மொத்த வியாபாரிகள் பெட்டி பெட்டியாகவே சரக்கு அனுப்பினார்கள். சின்னக் கடையின் பின்னறைகள் நிரம்பி வழிந்தன. சிறு சிறு அளவில் சரக்கு தர அவர்களை இணங்கவைத்தார்கள். பிறகு பல நிறுவனங்களின் சரக்கும் ஒரே வண்டியில் வந்திறங்கியது. எந்த மணிக்கு எது விற்றது என்பதைப் பதியும் கணினிக் கல்லாக்கள் 1982இல் வந்தன. சவுத்லேண்டின் கையேடுகளில் இவற்றுக்கு விடை இருக்கவில்லை.

இன்று உலகின் பல மேலாண்மைக் கல்லூரிகள் மாணவர்களை வெளிநாட்டுக் கடைகளுக்கு அழைத்துப் போகின்றன. டோக்கியோவின் சிறு கடைகளும் அந்தப் பாடத்தில் உண்டு. இதற்கிடையில், கடனில் மூழ்கிய சவுத்லேண்ட் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை, 1991இல், அதனிடம் உரிமம் பெற்ற ஜப்பானியர்களே வாங்கியிருந்தார்கள்.