காற்றே வில்லாக

அகன்ற பெட்டியின்றி ஆழ்ந்த மந்தர ஒலி எழாது என்ற நிலையை மாற்றியவர் எட்கர் வில்ச்சர். 1954 இல் ஹென்றி குளோசுடன் சேர்ந்து அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரது சிறு பெட்டி காற்றுப்புகாதது. உள்ளே சிறைப்பட்ட காற்றே ஒலிக்கூம்புக்கு வில்லாயிற்று.

பிற்காலத்து ஏ.ஆர்.3ஏ ஒலிபெருக்கியில் கூம்பின் விளிம்பு நுரைப்பொருள். ஈரமும் காலமும் அதனைப் பொடியாக்கின. விளிம்பு கிழிந்தால் அடைப்புக் குலையும், மந்தரமும் மறையும். கூம்போ பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். அதனை எறிவது அறியாமை.

புதுக்குவோர் பழைய நுரையைச் சுரண்டிப் புதுவளையம் ஒட்டுவர். கூம்பை நடுவில் நிறுத்துவதே அரிது. மயிரிழை பிசகினும் கம்பிச்சுருள் உராயும். பசை உலர்ந்து, பெட்டியில் பொருத்தியபின் கூம்பை மெல்ல அழுத்திவிட்டால், அடைப்புச் சரியாயின் அது மெதுவாகவே மீளும். பின்னரே இசைத்தட்டு சுழலும்.