நாடற்றவர் முதல் இனவழிப்பு வரை: யூதர் பேரழிவை விளங்கச் சில சொற்கள்

நியூ லின்னுக்கு அண்மையில், கிளென் ஈடனிலுள்ள வைக்குமெட்டே இடுகாட்டின் யூதர் பகுதியில் கார்ல் வொல்ஃப்ஸ்கேல் என்னும் யேர்மானிய யூதக் கவிஞர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் தாயகம் நீங்கியவர், இத்தாலியில் சில காலம் வாழ்ந்து, 1938இல் ஒக்லாந்தை அடைந்தார். 1948இல் இங்கேயே மறைந்தார். ‘நாடு கடந்த கவிஞன்’ எனப் பொருள்படும் இரு இலத்தீன் சொற்கள் அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளன.

அவரை இவ்வளவு தொலைவுக்குத் துரத்திய வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டின், சில சொற்களின் பொருளை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். அவற்றுட் சில நமக்கும் புதியனவல்ல.

நாடற்றவர்: 1935 செப்ரெம்பர் 15இல் இயற்றப்பட்ட நியூரம்பேர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்து, அவர்களை வெறும் ஆட்சிக்குட்பட்டோர் ஆக்கின. 1941 நவம்பரில், வெளிநாடுகளில் வாழ்ந்த யூதர் யேர்மானிய நாட்டுரிமையையே இழந்தனர். இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இரண்டு வரலாறுகளின் முடிவும் ஒன்றல்ல. எனினும், ஒரு மக்களைக் காப்பற்றவராக்கும் முதற் கருவி சட்டமே என்பதை இரண்டும் காட்டுகின்றன.

எதிரிநாட்டு அந்நியர்: 1933 முதல் 1939 வரை நியூசிலாந்து ஏற்றுக்கொண்ட, நாசிகளிடமிருந்து தப்பிய அகதிகள் ஏறத்தாழ 1,100 பேரே. மறுக்கப்பட்டோர் அதனினும் பலர். போர் மூண்டதும், வந்து சேர்ந்த யேர்மானிய யூதரும் இப்பெயரால் வகைப்படுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டனர். சிலர் வெலிங்டன் துறைமுகத்திலுள்ள சோம்ஸ் தீவில், நாசி ஆதரவாளருடனேயே அடைத்துவைக்கப்பட்டனர். எவரிடமிருந்து தப்பி வந்தார்களோ, அவர்களுடைய இனத்தாராகவே எண்ணப்பட்டனர்.

பொக்ரோம்: ருஷ்ய மொழியிலிருந்து வந்த இச்சொல், ஆட்சியாளரின் தூண்டுதலோடோ பாராமுகத்தோடோ ஓரினத்தார்மீது கும்பல் நடத்தும் தாக்குதலைக் குறிக்கும். 1938 நவம்பர் 9, 10ஆம் நாள்களில் யேர்மனியெங்கும் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன; ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதன்பின் நூறு கோடி மார்க் தண்டமும் யூதர்மீதே சுமத்தப்பட்டது. கலவரம் என்றால் இரு தரப்பாரும் மோதியதாகப் பொருள்படும். 1983 ஆடியில் கொழும்பிலே வாக்காளர் பட்டியலுடன் வீடு தேடி வந்தோரைக் கண்டவர்கள், அச்சொல் ஏன் பொருந்தாது என்பதை அறிவர்.

இறுதித் தீர்வு: 1942 ஜனவரி 20இல் பேர்லினை அடுத்த வான்சேயில் நாசி ஆட்சியின் உயர் அலுவலர் 15 பேர் கூடினர். படுகொலைகள் 1941இலேயே தொடங்கிவிட்டன. ஐரோப்பிய யூதர் அனைவரையும் அழிக்கும் பணியை ஒருங்கிணைப்பதே அக்கூட்டத்தின் நோக்கம். அதற்கு அவர்கள் இட்ட பெயரோ, அலுவலகக் கோப்பிற்குரிய ஒரு சாதுவான சொல். இவ்வழிப்பில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். ரோமா மக்களும் இலட்சக்கணக்கில் மாண்டனர்.

ஷோவா: ஆங்கிலத்தில் வழங்கும் ஹொலோகோஸ்ட் என்னும் சொல் கிரேக்கத்தில் முழுதும் எரிக்கப்பட்ட பலியைக் குறித்தது. கொலையைப் பலி எனல் தகாது என்பதால், பேரழிவு எனப் பொருள்படும் ஷோவா என்னும் எபிரேயச் சொல்லையே யூதர் பலர் விரும்புவர்.

இனவழிப்பு: இதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1944இல் உருவாக்கியவர், போலந்து யூதச் சட்டவறிஞரான ரஃபேல் லெம்கின். 1948 டிசம்பர் 9இல் ஐக்கிய நாடுகள் சபை இதனைச் சட்டமாக்கியது. ஒரு தேசிய, இன அல்லது மதக் குழுமத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கமே இதன் உயிர்நிலை. எண்ணிக்கை மட்டும் இதற்கு அளவுகோலாகாது.

கொடுமை செய்வோர் தம் செயலை மறைக்க மென்மையான சொற்களைத் தேடுவர். கொடுமைக்கு உள்ளானோர் சரியான சொற்களைப் பேணவேண்டும். அவற்றை அளவறிந்து ஆளவும் வேண்டும். பிறர் துயரின் பெயரைத் திருத்தமாக உச்சரிக்கக் கற்றவரே, தம் துயரின் பெயரையும் உலகின்முன் உறுதியோடு கூறவல்லவராவர்.