சென்னைத் தொலைக்காட்சி நிலையம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம்: தூர்தர்ஷனின் தமிழ்நாட்டு நிலையம், மாநிலத்தில் முதலில் தொடங்கியதும் இதுவே. சேப்பாக்கத்தை ஒட்டிய சுவாமி சிவானந்தா சாலையில், மெரீனாவுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆறு நாள் முன்னர் கல்கத்தா நிலையம் தொடங்கியிருந்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அகில இந்திய வானொலியின் கிளையாக இருந்த தொலைக்காட்சி, 1976 ஏப்ரல் 1 முதல் தனித்துறையானது. 1982 வரை ஒளிபரப்பு கறுப்பு வெள்ளையிலேயே நடந்தது.

1982 ஆகஸ்ட் 15 அன்று தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் சேர்ந்து வந்தன. அதிலிருந்து பத்தாண்டுகளே நிலையத்தின் செழிப்பான காலம். டயனோரா, சாலிடேர் போன்ற சென்னைப் பெட்டிகள் வீடுகளுக்கு வந்தன. 1980களின் நடுவில் உரிமக் கட்டணம் நீக்கப்படும் வரை, பெட்டி வைத்திருப்பவர் தபால் நிலையத்தில் பணம் கட்ட வேண்டும். நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் ஸ்ரீபெரும்புதூர் போன்ற ஊர்களில் அலுமினிய ஆன்டெனாவைக் கிழக்கே, சென்னையைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். காக்கை உட்கார்ந்தாலும் காற்றடித்தாலும் படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஒருவர் மாடியில் கம்பியைத் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து "வந்துடுச்சு, விட்டுடு" என்று குரல் கொடுப்பார். பழுது நிலையத்தில் என்றால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை திரையில் வரும்; அது போகும் வரை யாரும் எழுந்திருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்'. சில திரைப்பாடல்கள்தாம்; அடுத்தது புதுப்பாட்டா பழையதா என்ற எதிர்பார்ப்பே பாதி நிகழ்ச்சி. ஞாயிறு மாலைத் தமிழ்ப் படத்தால் திரையரங்க வசூல் குறைந்ததாக அந்நாளில் குறை சொல்லப்பட்டது. உழவர்களுக்கு 'வயலும் வாழ்வும்', குழந்தைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா'. சபா மேடைகளின் நாடகக் குழுக்கள் படப்பிடிப்பு அரங்குக்கு வந்தன, எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்', கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' ஆகிய தொடர்கள் இங்கிருந்து ஒளிபரப்பாயின. ஷோபனா ரவி செய்தி வாசித்த நிதானமும் உச்சரிப்பும் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டன. 'எதிரொலி'யில் நேயர்களின் கடிதங்களைப் படித்து, குறை கூறியவர்களுக்கும் நிலையத்தின் சார்பில் பதில் சொன்னார்கள். கட்டணத் தொலைக்காட்சியில் இன்றுவரை காணக் கிடைக்காத மரியாதை அது.

தென்கோடி மாவட்டங்களில் நிலைமை வேறு. கொடைக்கானலில் தூர்தர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரம் வரும் முன்பு, கடலோரத்தில் உயரமான ஆன்டெனா கட்டியவர்கள் 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தனர். அது எவ்வளவு உள்நாட்டுக்குள் எட்டியது என்பதில் நினைவுகள் ஊருக்கு ஊர் மாறுகின்றன.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. நிலையத்தின் சரிவை அந்த நாளிலிருந்து கணக்கிடுவோர் உண்டு. இரவு 8.40க்கு இந்திச் செய்தி தொடங்கியதுமே பெட்டியை அணைக்கும் வழக்கம் முன்பே வேரூன்றிவிட்டது, தனியார் அலைவரிசை அந்த இடத்தை நிரப்பியது என்பது மற்றொரு கருத்து. இரண்டுக்கும் சான்று உண்டு. இரண்டாவதே சற்று வலுவாகத் தோன்றுகிறது. அதே 1993இல் தூர்தர்ஷனும் தமிழுக்குத் தனிச் செயற்கைக்கோள் அலைவரிசை தந்தது. 2000இல் அது 'பொதிகை' ஆனது. இடையில், 1997 நவம்பரில் நிலையம் பிரசார் பாரதியின் கீழ் வந்தது.

கேபிள் பரவியதும் ஆன்டெனாக்கள் இறங்கின. 1995ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கட்டாயம் காட்டச் சொல்வதால், 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி தொடங்கிய தமிழ்நாடு அரசின் கேபிள் சேவையிலும் பொதிகை இருந்தது. ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை 2007இல் பெட்டிகளையே தயாரிக்கத் தொடங்கியது.

2024 ஜனவரி 19 அன்று, சென்னையில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுத் தொடக்க விழாவில், பிரதமர் நரேந்திர மோடி பொதிகை அலைவரிசையை 'டிடி தமிழ்' என்ற புதுப்பெயரில் தொடங்கி வைத்தார்.