பள்ளிகளில் வளர்ந்த தொண்டுச் சங்கங்கள் – ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு சமுதாயத்தின் நாளைய நிர்வாகிகள் இன்று பள்ளி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் ஒரு கூட்டத்தை முறைப்படி நடத்துதல், பொதுப்பணத்திற்குக் கணக்கு எழுதுதல், மாறுபட்ட கருத்துடையவரோடு மனம் கோணாமல் சேர்ந்து பணிபுரிதல் ஆகியவற்றை அவர்கள் எங்கே கற்கின்றனர்? நம்மில் பெரும்பாலோர், நாற்பது வயதில் ஒரு பொறுப்பு நம் தோளில் வந்தமர்ந்த பின்னரே தட்டுத் தடுமாறி இவற்றைக் கற்றுக்கொண்டோம். இக்குறையைப் பள்ளிப் பருவத்திலேயே நீக்க முயன்றவர்களின் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படக் கூடியது. அதனைச் சுருக்கமாக இங்கே காண்போம்.

பின்னணி

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கினார். 1915-இல் டெட்ராய்ட் நகரில் கிவானிஸ் சங்கமும், 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் லயன்ஸ் எனப்படும் அரிமா சங்கமும் தோன்றின. வணிகர்களும் தொழில் வல்லுநர்களும் ஒன்று கூடித் தம் ஊருக்குத் தொண்டு புரிவதற்கான அமைப்புகளாக இவை வளர்ந்தன.

அதே காலத்தில் அந்நாட்டுக் கல்வித் துறையிலும் பெருமாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்தது. 1910-இல் அந்த வயதினரில் நூற்றுக்குச் சுமார் 9 பேரே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தனர். 1940-க்குள் அது சுமார் 50 ஆக உயர்ந்தது. வேலைக்குச் சென்றிருக்க வேண்டிய பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் இரகசியக் குழுக்களை அமைத்து, தம்மைப் பிறரினும் உயர்ந்தோராகக் கருதத் தலைப்பட்டனர். கலிபோர்னியா மாநிலம் 1909-ஆம் ஆண்டிலேயே அரசுப் பள்ளிகளில் இத்தகைய குழுக்களைத் தடைசெய்து சட்டமியற்றியது. எனினும் ஒன்றைத் தடுப்பது மட்டும் போதாது, அதனினும் நல்லதொன்றைத் தர வேண்டும் என்பதைச் சிலர் உணர்ந்தனர்.

மூன்று பள்ளிகள்

அதே கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ உயர்நிலைப் பள்ளியில் 1925-ஆம் ஆண்டு மே மாதம் ‘கீ கிளப்’ என்னும் மாணவர் சேவைச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆல்பர்ட் ஓல்னி, ஃபிராங்க் வின்சென்ட் என்னும் இரு கல்வியாளர்கள் இதற்கு வித்திட்டனர். இருவரும் அவ்வூர்க் கிவானிஸ் சங்கத்தைச் சார்ந்தவர்கள். பெரியவர்களின் சங்கம் எவ்வாறு கூடுகிறதோ, தலைவரைத் தேர்ந்தெடுக்கிறதோ, பணிகளை முடிவு செய்கிறதோ, அவ்வாறே மாணவர்களும் செய்யட்டும் என்பதே அவர்களது எண்ணம். பிற ஊர்களின் கிவானிஸ் சங்கங்கள் தத்தம் ஊர்ப் பள்ளிகளில் இதனைப் பின்பற்றின. 1946-இல் இவை ஒரு பன்னாட்டு அமைப்பாக இணைந்தன.

1957-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் பென்சில்வேனியாவின் அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் முதல் லியோ சங்கம் உருவாயிற்று. அதனைத் தொடங்கியவர் ஜிம் கிரேவர். அப்பள்ளியின் பேஸ்பால் பயிற்சியாளர், கிளென்சைட் அரிமா சங்கத்தின் உறுப்பினர். தம்மிடம் விளையாட்டுப் பயின்ற பிள்ளைகளையே அவர் முதல் உறுப்பினர்களாகச் சேர்த்தார். பத்தாண்டுகள் கழித்து, 1967-இல், அரிமா சங்கத்தின் உலகத் தலைமை இதனைத் தனது திட்டமாக ஏற்றுக்கொண்டது.

மூன்றாவதாக, 1962-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் புளோரிடாவின் மெல்போர்ன் உயர்நிலைப் பள்ளியில் 23 மாணவர்களுடன் முதல் இண்டராக்ட் சங்கம் ரோட்டரியின் ஆதரவில் தொடங்கியது. அமெரிக்காவிற்கு வெளியே தோன்றிய தொடக்ககால இண்டராக்ட் சங்கங்களுள் நம் தஞ்சாவூரில் அமைந்ததும் ஒன்று என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

வளர்ச்சியின் இரகசியம்

இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். அரசாணையாலோ பெருஞ்செல்வரின் நன்கொடையாலோ இவை பரவவில்லை. ஓர் ஊரில் ஏற்கெனவே இயங்கிவரும் பெரியவர்களின் சங்கம் ஒரு பள்ளிக்குப் பொறுப்பேற்கும். தன் உறுப்பினர் ஒருவரை ஆலோசகராக நியமிக்கும். பள்ளியின் சார்பில் ஓர் ஆசிரியர் உடனிருப்பார். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை மாணவர்களே தேர்ந்தெடுப்பர். பணிகளையும் அவர்களே முடிவு செய்வர். இண்டராக்ட் சங்கம் ஆண்டுக்கு இரண்டு பணிகளையேனும் செய்ய வேண்டும். ஒன்று தம் பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படுவது, மற்றொன்று நாடுகளுக்கிடையே நல்லுணர்வை வளர்ப்பது.

பொறுப்பேற்றல் என்றவுடன் பணம் கொடுத்தல் என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் இவ்வரலாற்றில் பணத்திற்குச் சிறிய இடமே உண்டு. ஆலோசகர் தந்தது தம் நேரத்தை. அதனினும் அரிதாக அவர் தந்தது நம்பிக்கையை. பதினைந்து வயதுச் சிறுவன் தவறாகக் கணக்கு எழுதினால் தாமே திருத்தி எழுதிவிடாமல், அவன் திருத்தும்வரை அருகில் அமர்ந்திருக்கும் பொறுமையே அந்த நம்பிக்கை.

பள்ளிச் சங்கத்திற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. அனுபவம் பெற்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் படிப்பை முடித்து வெளியேறிவிடுவர். இன்றைய தலைவர் அடுத்த ஆண்டு கல்லூரியில் இருப்பார். எனவே ஆண்டு மாறினும் மாறாது நிற்கும் பெரியவர் ஒருவர் இல்லையேல், அச்சங்கம் தொடக்க விழாவின் புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

குறைகளும் திருத்தங்களும்

இவ்வியக்கங்களில் குறைகளே இல்லை என்று நாம் கூறவில்லை. ‘கீ’ என்ற பெயரே, பள்ளியின் முக்கிய மாணவர்களைச் சேர்ப்பது என்னும் கருத்தில் எழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால், பயிற்சி மிகவும் தேவைப்படும் கடைசி வரிசைப் பிள்ளை வெளியிலேயே நின்றுவிடும் அல்லவா?

பெண்பிள்ளைகளுக்கும் தொடக்கத்தில் கதவு திறக்கவில்லை. கீ கிளப் 1970-களின் பிற்பகுதியில்தான் மாணவியரைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் பெரியவர்கள் அதற்கும் பிந்தினர். ரோட்டரி சங்கம் தொடர்பான வழக்கில் 1987-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்நாட்டு ரோட்டரி சங்கங்கள் பெண்களை உறுப்பினராக்கத் தொடங்கின. கிவானிஸும் அரிமா சங்கமும் அவ்வாண்டிலேயே தம் விதிகளை மாற்றின. வழிகாட்ட வந்த மூத்தோருக்கு இளையோர் வழிகாட்டிய நிகழ்ச்சி இது.

நம் நாட்டில்

இந்தியாவில் மாணவர் தொண்டு வேறொரு வழியிலும் வளர்ந்தது. 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் அவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் தொடங்கி வைத்தார். பின்னர் அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அரசின் திட்டத்திற்கு நிதியும் நிலைபேறும் உண்டு. ஆனால் அதனை நடத்தும் ஆசிரியர் ஒருவரே பாடமும் நடத்தி, தேர்வுத்தாளும் திருத்தி, சேவை முகாமும் நடத்த வேண்டியுள்ளது. அவருக்குத் துணையாக ஊரிலிருந்து நான்கு பேர் சென்று நின்றால், திட்டமும் செழிக்கும், பிள்ளைகளும் பயன்பெறுவர்.

நமக்கான பாடம்

மேற்கண்ட வரலாற்றில் ஒரு பயிற்சியாளரும் இரண்டு கல்வியாளர்களும் வருகின்றனர். அவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். தம் ஊர்ப் பள்ளியின் வாசலைத் தாண்டி உள்ளே சென்றவர்கள், அவ்வளவே. நம் ஊரிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் உள்ளனர். கணக்கில் தேர்ந்த வணிகப் பெருமக்கள் உள்ளனர். வெளிநாட்டில் உழைத்து ஊர் திரும்பியோர் உள்ளனர். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் தாய்மார்களும் உள்ளனர். வாரத்தில் ஒரு மணி நேரத்தை இவர்களுள் யாராலும் தர இயலாதா?

நம் பிள்ளைகளுக்கு நாம் கட்டடங்களை விட்டுச் செல்கிறோம். அவற்றை நிர்வகிக்கும் ஆற்றலையும் விட்டுச் செல்கிறோமா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. நமது ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரை இந்தக் கல்வியாண்டிலேயே சந்தித்து, “உங்கள் மாணவர் சங்கத்திற்கு நாங்கள் என்ன செய்யலாம்?” என்று கேட்போம். அந்தக் கேள்வியிலிருந்து நம் பணியைத் தொடங்குவோமாக!