அட்டையும் முட்டையும்: தமிழ்நாட்டுப் பள்ளிச் சீர்திருத்தங்களின் ஆயுள்

தமிழ்நாட்டுக் கல்வி பற்றிய விவாதங்களில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் இரண்டையும் ஒருவரே எடுத்துப் பேசுவது அரிது. முதலாவது, அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டுக் கணக்கு. மாநிலத்தின் மொத்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு; நாட்டின் சராசரி 28.4. இரண்டாவது, 2022ஆம் ஆண்டின் ஏசர் ஊரகக் கணக்கெடுப்பு. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தது இதற்கு ஒரு காரணம். ஆனால் தொற்றுக்கு முந்தைய 2018இலும் அந்த எண் பத்தை ஒட்டியே இருந்தது. பெருமை பேசுவோர் முதல் எண்ணையும் குறை காண்போர் இரண்டாம் எண்ணையும் கையில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மை என்பதும், இரண்டும் ஒரே கல்வித்துறையின் விளைவு என்பதும்தான் விளக்கம் கேட்கிற செய்தி. குழந்தையைப் பள்ளிக்கு வரவைத்து, இடைநிற்காமல் காத்து, கல்லூரி வாசல்வரை கொண்டுசேர்க்கும் வேலையை இத்துறை தேர்ச்சியுடன் செய்கிறது. வகுப்பறைக்குள் எழுத்தறிவிக்கும் வேலையில் அது பத்தாண்டுக்கு இருமுறை புதிதாகத் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டுக்கு நிதிப் பற்றாக்குறையோ, ஆசிரியரின் அக்கறையின்மையோ, கற்பித்தல் முறையின் குறையோ முதற்காரணம் அல்ல என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு சீர்திருத்தம் அரசு இயந்திரத்தின் எந்தப் பகுதியில் பொருத்தப்பட்டது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது.

மதிய உணவிலிருந்து தொடங்கலாம். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. நல்ல பலன் கண்ட திட்டம்தான். ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிடுவதை ஆங்கிலேய அரசு ஏற்காததால் 1925இல் நின்றது. குழந்தைக்குப் பசி தீர்ந்துவிட்டதென்றோ, வருகை குறைந்துவிட்டதென்றோ நிற்கவில்லை. கணக்குத் தலைப்பு இல்லாமல் நின்றது. 1956இல் காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது மதிய உணவு மீண்டும் வந்தது. முதலில் ஊராரின் நன்கொடையில் நடந்து, பிறகு அரசின் பங்கும் 1960களில் கேர் தொண்டு நிறுவனத்தின் உணவுப் பொருள்களும் சேர்ந்தன. அப்போதும் அது ஊருக்கு ஊர் ஏறியிறங்கும் ஏற்பாடாகவே இருந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அளவில் பெரியது என்பதைவிட, அமைப்பில் வேறானது என்பதே முக்கியம். ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்கள் உருவாயின. மாநில வரவு-செலவுத் திட்டத்தில் அதற்கென நிரந்தர ஒதுக்கீடு வந்தது. வீண்செலவு என்று அன்று சொன்ன வல்லுநர்கள் பலர். அடுத்து வந்த எந்த ஆட்சியும் அதை நிறுத்தவில்லை. 1989இல் கருணாநிதி ஆட்சி பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை சேர்த்தது. 2010க்குள் அது வாரம் ஐந்தாயிற்று. ஜெயலலிதா ஆட்சி கலவைச் சாதங்களைக் கொண்டுவந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. முந்தையவரின் திட்டத்தை அழித்துத் தன் பெயரை எழுதுவதற்குப் பெயர்போன அரசியலில், ஒருவர் வைத்த உலையில் அடுத்தவர் அரிசி போட்ட அரிய நிகழ்வு இது.

இனி அட்டைகளின் கதை. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம், பல வகுப்புக் குழந்தைகள் ஓராசிரியரிடம் சேர்ந்து படிப்பதற்கென்று ஏணி வடிவில் அடுக்கிய கற்றல் அட்டைகளை உருவாக்கியிருந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் அம்முறையைத் தழுவித் தொடங்கினார். பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக அவர் பொறுப்பேற்றபோது, 2007-08இல் அம்முறை செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. குழந்தைகள் பாயில் குழுக்களாக அமர்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதி அவர்கள் கைக்கெட்டும் கரும்பலகையாயிற்று. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைக் குழந்தையே ஏணிப்படத்தில் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. காய்ச்சலில் பத்து நாள் வராத குழந்தை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடரலாம். ஆசிரியர் பேச, அறுபது கண்கள் பார்த்திருக்கும் வகுப்பறையில் நூறாண்டாக நடவாத காரியம் அது. வெளிமாநில அதிகாரிகள் வந்து பார்த்துச் சென்றார்கள். ஆனால் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் புதிய பருவ நூல்களும் வந்தன. அட்டை எளிமையாக்கப்பட்டது, புத்தகத்தோடு பொருத்தப்பட்டது, மெல்லப் பின்னுக்குப் போனது. 2022 ஜூனில் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழந்தைகளைப் பிரிக்கும் எண்ணம் ஒரு புதிய கண்டுபிடிப்பைப் போலவே அறிமுகமானது. பதினைந்தாண்டுகளுக்கு முன் அதே எண்ணத்துக்காகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பலர் அந்தப் பயிற்சி அறைகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

செயல்வழிக் கற்றல் தேய்ந்ததற்கு அதன் உள்ளேயே காரணம் இருந்தது என்ற மறுப்பு இங்கே எழும். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வரத் தாமதமாயிற்று. வீட்டுக்குப் புத்தகம் வராததால் பிள்ளை படிக்கவே இல்லை என்று பெற்றோர் நினைத்தார்கள். அரசுப் பள்ளியிலிருந்து ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு ஓடத் துடித்த காலத்தில் அந்த நினைப்பு சிறிய செய்தி அல்ல. ஏணியின் படிகளை இயந்திரத்தனமாக ஏறிய வகுப்புகளும் இருந்தன. இவை அனைத்தும் மெய். ஆயினும் சத்துணவின் தொடக்க ஆண்டுகளிலும் புழுத்த அரிசி, ஒழுகும் சமையற்கூடம், கசிந்துபோகும் பண்டம் என்று குறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே குறை கண்டபோது குறையைத் திருத்தினார்கள். இங்கே குறை கண்டபோது முறையை மாற்றினார்கள். ஒன்றுக்கு மாநில நிதியும் சொந்தப் பணியாளரும் இருந்ததால், குறைக்குப் பொறுப்பேற்க ஆள் இருந்தது. மற்றொன்று மத்திய-மாநிலக் கூட்டுத் திட்ட நிதியில், திட்ட இயக்ககத்தின் சுற்றறிக்கையில், ஓர் ஆற்றல்மிக்க அதிகாரியின் முனைப்பில் நின்றது. ஆசிரியர் பட்டயப் படிப்பின் நடுவில் அது குடியேறவில்லை. ஆண்டாய்வுக்கு வரும் அலுவலர் பாடத்திட்டம் எதுவரை முடிந்தது என்று கேட்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு குழந்தையும் வெவ்வேறு படியில் நிற்கும் வகுப்பில் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. பாடம் சொல்லும் முறை மாறியது, பாடம் நடந்ததா என்று கேட்கும் முறை மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே ஆசிரியர் நின்றார்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. பிரதம் அமைப்பின் நிலைக்கேற்ற கற்பித்தல் முறைக்கென்று பீகாரில் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கையேடும் கொடுத்து விட்டுவிட்டபோது வாசிப்பில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. ஹரியானாவில் 2012-13இல் அதே முறைக்கென்று நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்நேரத்தில் வயதைப் பாராமல் திறனைப் பார்த்துக் குழந்தைகளைப் பிரித்து, வட்டார அளவிலான அலுவலரே முதலில் கற்பித்துப் பழகிப் பின் பள்ளிகளுக்குச் சென்று துணைநின்றபோது இந்தி வாசிப்பு மேம்பட்டது. முறை ஒன்றே, காலஅட்டவணையிலும் மேற்பார்வையிலும் அதற்கு இடம் கிடைத்ததா என்பதே வேறுபாடு. மறுபக்கத்துக்கு மத்தியப் பிரதேசம் சான்று. பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைக்கும் ஒரு நிர்வாகச் சீர்திருத்தத்தை 1,774 பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் சோதித்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன; கற்பித்தலிலும் கற்றலிலும் மாற்றம் இல்லை. ஆயினும் அத்திட்டம் சுமார் 25,000 பள்ளிகளுக்கு விரிக்கப்பட்டது. கோப்பு நிறைந்ததால் திட்டம் வென்றதாயிற்று. ஆகவே இயந்திரத்தில் பொருத்துவது என்று நான் சொல்வதைப் படிவத்தில் பொருத்துவது என்று படித்துவிடக் கூடாது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்ற ஆசிரியர் செலவிடும் நேரத்தைப் பார்த்தால் படிவங்களுக்கு நம்மிடம் குறையில்லை.

மதிய உணவோடு எழுத்தறிவை ஒப்பிடுவதே பொருந்தாது என்பது இன்னும் வலிய மறுப்பு. சோறு கண்ணுக்குத் தெரியும். தட்டில் முட்டை இல்லையென்றால் அன்று மாலையே தாய்க்குத் தெரியும். வாசிக்கத் தெரியாதது எட்டாம் வகுப்புவரை யாருக்கும் தெரியாமல் போகலாம். வாக்காளர் தண்டிக்கக்கூடியதை அரசியல்வாதி காப்பாற்றுவார். மற்றதை அதிகாரி மாறுதலோடு மறப்பார். இம்மறுப்பின் முன்பாதி சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியாமை கல்வியின் இயல்பு அன்று, நாம் அதை வைத்திருக்கும் விதம். ஒரு குழந்தை தாய்மொழியில் ஒரு பத்தியை வாசிக்கிறதா என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாலும் காதால் கேட்டு அறிய முடியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் கழிவறைக்கும் சுற்றுச்சுவருக்கும் மனு எழுதுவதோடு, பருவத்துக்கு ஒருமுறை மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வாசிப்பதைக் கேட்கும் கூட்டமாகவும் இருந்தால், முட்டைக்குக் கிடைத்த காவல் எழுத்துக்கும் கிடைக்கும். தவறும் குழந்தையை ஊர்முன் நிறுத்துவதாக அது ஆகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. பெயர் சொல்லாமல், வகுப்பில் எத்தனை பேர் எந்தப் படியில் என்று மட்டும் வைப்பது அதற்குப் போதும். செயல்வழிக் கற்றலின் ஏணிப்படம் ஏறத்தாழ அதையே செய்தது. அதை வகுப்பறைச் சுவரைத் தாண்டி வெளியே கொண்டுவராமல் விட்டோம்.

ஊரார் பங்கேற்பு அலங்காரச் சொல் அல்ல என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஊர்ப் பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்களாக மாலை நேரத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாநிலத்தின் 220 கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த ஆய்வு, பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த சில மாதங்களிலேயே ஈடானதையும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்ததையும் காட்டியது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்த கல்வித் திட்டம் அரிது. அதுவும் ஓர் அவசரக்கால ஏற்பாடாகவே நின்றது. நெருக்கடி தணியத் தணியத் தன்னார்வலர் எண்ணிக்கையும் சுருங்கியது. 1956இன் ஊர் நன்கொடைச் சாப்பாடு 1982இல் பணியிடமாக மாறியது போன்ற மாற்றம் இதற்கு நேரவில்லை.

சட்டத்தில் ஊன்றிய சீர்திருத்தம் எப்படி நிற்கும் என்பதற்கு, மாநிலப் பள்ளிகளுக்குப் பொதுப் பாடத்திட்டம் தந்த சமச்சீர்க் கல்வி உதாரணம். முத்துக்குமரன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2010இல் சட்டம் வந்தது. முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் அவ்வாண்டே தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறியவுடன் அதை ஒத்திவைக்கச் சட்டத் திருத்தம் வந்தது. புத்தகமில்லாமல் இரண்டு மாதம் கடந்த பிறகு, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குக் கொள்கையை மாற்றும் உரிமை வேண்டாமா என்று அன்று கேட்டார்கள். வேண்டும். ஆனால் மாற்றும் உரிமைக்குக் காரணம் காட்டும் கடமையும் உண்டு. சட்டம் என்று ஒன்று இருந்ததால்தான் அந்தக் காரணத்தைக் கேட்க ஒரு மன்றம் இருந்தது. கற்பித்தல் முறையைச் சட்டமாக்கச் சொல்லவில்லை; அது ஆசிரியரின் கையைக் கட்டிவிடும். தொடக்க வகுப்புகளின் கற்பித்தல் முறையை மாற்றுமுன், நடப்பு முறையில் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு தொகுதி ஐந்தாம் வகுப்பை முடிக்கும்வரை பார்த்து, அதன் மதிப்பீட்டைச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்ற அளவிலான விதி போதும். ஐந்தாண்டு என்பது ஓர் ஆட்சிக்காலம் என்பது இங்கே தற்செயல்தான் என்றாலும், வசதியான தற்செயல்.

இப்படிக் கட்டிப்போட்டால் புதுமை உறைந்துவிடாதா என்ற ஐயம் மிச்சமிருக்கிறது. சத்துணவின் நாற்பதாண்டு வரலாறு மறுவிதமாகச் சொல்கிறது. பணியாளரும் நிதியும் உறுதியாக இருந்ததால்தான் முட்டையும் கலவைச் சாதமும் காலை உணவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அடித்தளமே ஆண்டுதோறும் அசைந்தால் புதுமை செய்பவருக்கு அதைக் காப்பாற்றுவதிலேயே காலம் போய்விடும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு இப்போது அந்தச் சோதனை வந்திருக்கிறது. பள்ளிதோறும் சென்று அதைத் தாங்கவேண்டிய வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இருக்கிறார்கள். 2024-25இல், மத்தியத் திட்டமான பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் ஒருங்கிணைந்த திட்டத்தின்கீழ் மாநிலத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்கவில்லை. அதன் கூட்டாட்சி நியாயம் தனியே விவாதிக்க வேண்டியது. இக்கட்டுரைக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது. நூறாண்டுக்கு முன் ஆயிரம் விளக்குப் பள்ளியின் சிற்றுண்டி எந்த இடத்தில் அறுந்ததோ, இன்று எழுத்தறிவிக்கும் வேலை அதே இடத்தில் தொங்குகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை இருமொழியைப் பற்றியும் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்குவது பற்றியும் பேசியதே பெரிய செய்தியாயிற்று. அந்தப் பயிற்றுநர்களின் ஊதியம் பள்ளிக் கல்வித்துறையின் மானியக் கோரிக்கைக்குள் எப்போது வரும், அவர்கள் பள்ளிக்குச் சென்றால் பதிவேட்டை முதலில் திறப்பார்களா, ஒரு குழந்தையை அருகே அழைத்து வாசிக்கச் சொல்வார்களா என்ற கேள்விகளை யாரும் தலைப்புச் செய்தியாக்கவில்லை.